நாற்சார் வீடும் நமது முற்போக்காளரும்

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்து மழையில் நல்லூர் மந்திரிமனையின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. அதன் பின்னர் யாழ்ப்பாணத்தில் இருவேறு குரல்கள் எழுந்தன. ஒன்று நாம் எதிர்பார்த்ததே: "எமது அரச பரம்பரையின் சின்னமும் போயிற்றே" என்ற ஒப்பாரி. மற்றையது நாம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. முற்போக்குச் சிந்தனையாளர் என்று நாம் மதிக்கும் நண்பர் சிலர், ஆசிரியர் ஓய்வறையிலும் கூட்டங்கள் முடிந்த பின்னரான உரையாடல்களிலும், "பிரபுக்களின் மனை சரிந்தால் உழைப்பவனுக்கு என்ன நட்டம்? சரியட்டும்" என்றனர். அவர்கள் மந்திரிமனையை மட்டும் கருதிச் சொல்லவில்லை. குடாநாடெங்கும் ஓடு கழன்று, வளை உக்கி, மாரிதோறும் ஒவ்வொரு சுவராக விழுந்துகொண்டிருக்கும் பழைய வீடுகள் அனைத்துக்கும் அவர்கள் வழங்கிய தீர்ப்பு அது.

முதற் குரலுக்கு நீண்ட மறுமொழி வேண்டியதில்லை. மந்திரிமனை என்ற பெயரைக் கேட்டதும் சங்கிலி மன்னனின் மந்திரி இன்னமும் மேல்மாடத்தில் உலாவுவதாக எண்ணுவோர் உளர். யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. இன்று நாம் காணும் கட்டடத்தின் வளைவுகளையும் தூண்களையும் மரவேலைப்பாட்டையும் உற்றுநோக்குவோர்க்கு, ஐரோப்பியப் பாணியும் உள்நாட்டுப் பாணியும் கலந்த பிற்காலத்து வேலை அது என்பது புலனாகும். அரசன் காலத்தது என்றால் அழுவோம், மேசனும் தச்சனும் பிற்காலத்திற் கட்டிய வீடு என்றால் அழமாட்டோம் என்பது எவ்வகை நியாயம்? தம் பாட்டனார் கட்டிய நாற்சார் வீட்டை அண்மையில் இடித்துவிட்டு அவ்விடத்தில் இரண்டு மாடி எழுப்பியவரும் இந்த ஒப்பாரியிற் கலந்துகொண்டார் என்பதை நாம் அறிவோம். அவர் எமக்கு அயலவர்.

நமக்கு வழக்கு இரண்டாவது குரலோடுதான். ஏனெனில் அது நம்மவர் குரல். அதிலே ஓர் உண்மை இருக்கிறது. அவ்வுண்மையிலிருந்து எடுக்கப்பட்ட முடிவோ முற்றிலும் பிழையானது.

நாற்சார் வீட்டை உட்சென்று பாராத இளம் வாசகர் இப்பொழுது பலர். அவர்களுக்காகச் சிறிது விரித்துரைப்போம். நடுவிலே வானம் பார்த்த முற்றம். முற்றத்தை நோக்கி நான்கு புறமும் சாய்ந்திறங்கும் கூரை. கூரையைத் தாங்கும் தூண்களுக்கு உட்புறமாகச் சுற்றிவரும் விறாந்தை. அதற்கும் பின்னால் அறைகள். நான்கு கூரைகளினின்றும் இறங்கும் மழைநீர் முற்றத்தில் விழுந்து, சிறு வாய்க்கால் வழியே வளவுக்குப் போய்ச் சேரும். சுவர்கள் இம்மண்ணின் சுண்ணக்கல்லால் ஆனவை. கரையோர ஊர்களில் முருகைக்கல்லும் உண்டு. சுண்ணாம்புச் சாந்தால் இணைத்து, சுண்ணாம்பாலேயே பூசியிருப்பர். வளையும் கைமரமும் சிலாகையும் வைரம் ஏறிய பனை. வசதி படைத்தவர் தூணுக்கும் கதவுக்கும் தேக்கை நாடினர். பங்குனி, சித்திரை வெயிலில், நண்பகலில், அத்தகைய வீட்டின் விறாந்தையில் ஒருமுறை அமர்ந்தவர்க்கு, கொங்கிறீற்றுத் தட்டின் கீழே மின்விசிறி சுழற்றுகின்ற அனற்காற்றைப் பற்றி நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டின் முகப்பிலே தலைவாசல். அதற்கும் முன்னால், வேலி தெருவைச் சந்திக்கும் இடத்தில், மேலே சிறு கூரை வேய்ந்த சங்கடப்படலை. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குமிடம். பட்டினத்திலோ கதை சற்று வேறு. பறங்கித்தெரு என்று முன்னர் வழங்கிய பிரதான வீதியில், ஒல்லாந்தர் கால வழக்கைப் பின்பற்றித் தெருவையொட்டி அகன்ற விறாந்தையும் தூண் வரிசையும் உயர்ந்த கதவுகளும் கொண்ட வீடுகள் நின்றன. போரின் பின்னர் அவற்றிற் சிலவற்றின் துண்டங்களையே தேடிக் காண வேண்டியிருக்கிறது.

இவ்வீடுகளை யார் பணம் எழுப்பியது? திருவிதாங்கூருக்குப் போன யாழ்ப்பாணப் புகையிலை எழுப்பியது. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம், மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞராக உழைத்தவர்களின் சம்பளமும் ஓய்வூதியமும் எழுப்பின. கடல் கடந்த பணம் கட்டிய வீட்டை இன்று கடல் கடந்த பணமே இடிக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. அன்று பணத்தை அனுப்பியவன் ஓய்வு பெற்றதும் திரும்பி வந்து, அவ்வீட்டின் திண்ணையிற் சாய்மனைக் கதிரை போட்டு அமர்ந்தான். இன்று பணம் அனுப்புவோரிற் பெரும்பாலோர் கோயிற் திருவிழாவுக்கு இரண்டு கிழமை வந்து போகின்றனர். மிகுதி ஐம்பது கிழமையும் அந்த மாடி வீடுகள் பூட்டியே கிடக்கின்றன.

பணம் அவ்வாறு. உழைப்பு எவருடையது? கல் உடைத்தவர், சுண்ணாம்பு சுட்டவர், பனை தறித்தவர், தறித்த மரத்தை வரிச்சுவரியாய்ப் பிளந்து செதுக்கியவர், ஓடு சுமந்தவர் ஆகியோருடையது. அவர்களுட் பலர் தாம் கட்டிய வீட்டின் முற்றத்தைக் குடிபூரலுக்குப் பின்னர் ஒருநாளேனும் மிதித்ததில்லை. இதுதான் நண்பர்களின் வாதத்திலுள்ள உண்மை. இதனை மறைத்து நாற்சார் வீட்டைப் பற்றி எழுதப்படும் எந்தக் கட்டுரையும், எத்தனை அழகிய புகைப்படங்களோடு வெளிவந்தாலும், பொய்யே. சங்கடப்படலையின் விருந்தோம்பலைப் புகழ்வோர், அங்கே எவருக்குச் செம்பில் நீர் வார்க்கப்பட்டது, எவருக்குச் சிரட்டையில் வார்க்கப்பட்டது என்று எழுதுவதில்லை. ஒருவர் படலையோடு நிற்க வேண்டும். ஒருவர் திண்ணையின் கீழே நிற்கலாம். ஒருவர் திண்ணையில் இருக்கலாம். ஒருவர் தலைவாசலைக் கடந்து விறாந்தைக்கு வரலாம். முற்றமும் அதற்கப்பால் உள்ளனவும் இனசனத்துக்கு மட்டுமே. அவ்வினசனத்திலும் பெண்ணுக்குப் பின்புறம், ஆணுக்கு முன்புறம். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு தடை. ஒரு சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதையும் சில பாகத் தூரத்துக்குள் கல்லாலும் மரத்தாலும் வரைந்து வைத்த படம் அது.

1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில், சீதனம், முதுசொம், தேடியதேட்டம் ஆகியவற்றோடு அடிமைகளைப் பற்றிய விதிகளும் இருந்தன. வீட்டை மகளுக்கு எவ்வாறு கொடுப்பது என்று சொன்ன அதே கோவைதான் மனிதரை எவ்வாறு உடைமையாக வைத்திருப்பது என்றும் சொன்னது. சட்டத்தின் அளவில் இலங்கையில் அடிமைமுறை 1844இல் ஒழிந்தது. குடிமைமுறை என்ற பெயரில் அதன் வால் நீண்டது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், கோயிலிலும் தேநீர்க் கடையிலும் பொதுக் கிணற்றிலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. அதனைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து ஊர்வலமாய்ப் புறப்பட்டவர்களும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நின்றவர்களும் ஆவர்.

அப்போராட்டங்கள் கோயிற் கதவைத் திறந்தன. தேநீர்க் கடைக் குவளையைப் பொதுவாக்கின. வீட்டுக் கதவை அவை தொடவில்லை; தொடவும் இயலாது. தன் வீட்டினுள் யாரை அழைப்பது என்பதை எந்தச் சட்டமும் ஒருவனிடம் கேட்பதில்லை. ஆகவே பொதுவிடங்களில் ஓரளவேனும் அழிக்கப்பட்ட எல்லைக்கோடுகள் இன்றும் அழியாமற் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பது பழைய வீட்டின் அமைப்பிலேதான்.

இங்கேதான் நண்பர்களிடம் எமது கேள்வி எழுகின்றது. அக்கோடுகள் தெரிகின்ற வீட்டை இடித்துவிட்டால் கோடு அழிந்துவிடுமா? எமது அனுபவம் வேறு. நாற்சார் வீட்டை இடித்துக் கட்டிய மாடி வீட்டுக்கு எட்டடி மதிலும் இரும்புப் படலையும் வந்திருக்கின்றன. முன்னர் படலையில் நிற்பவனின் முகமாவது திண்ணையில் இருப்பவனுக்குத் தெரிந்தது. இப்பொழுது மணியை அமுக்கினால், உள்ளே இருந்து ஒரு கமெரா அவனைப் பார்க்கிறது. திருமணப் பேச்சில் முதற் கேள்வி மாறிவிட்டதா? மாறவில்லை. சாதி பழைய வீட்டோடு சேர்ந்து இடிபடவில்லை. மாபிள் பதித்த புதிய வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இடிபட்டது அதற்கு எதிரான சாட்சியமே. இன்னும் ஒரு தலைமுறை கழிந்தபின், "யாழ்ப்பாணத்தில் அப்படியெல்லாம் இருந்ததில்லை, எல்லோரும் ஒருதாய் மக்களாய் வாழ்ந்தோம்" என்று ஒருவர் எழுதுவார். மறுத்துக் காட்ட நம்மிடம் ஒரு திண்ணையும் இராது.

1981 ஜூன் முதலாம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வருண தருமத்தை நியாயப்படுத்திய நூல்கள் இருக்கவில்லையா? பெண் கல்வியைப் பழித்த சுவடிகள் இருக்கவில்லையா? இருந்திருக்கும். அவை எரிந்தது நன்று என்று நம்முள் எவரேனும் சொன்னாரா? சொல்லவில்லை. பிற்போக்கை எதிர்ப்பவனுக்குப் பிற்போக்கின் ஏடு வேண்டும். அதனை வாசிக்கவும் வாசித்துக் காட்டவும் வேண்டும். ஓலையில் எழுதியதற்குப் பொருந்தும் இந்நீதி, கல்லில் எழுதியதற்குப் பொருந்தாதென நண்பர்கள் எவ்வாறு கருதினர் என்பது எமக்கு விளங்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு வலிகாமத்துக் கிராமமொன்றில் நாற்சார் வீடொன்றை அளந்து வரையப் போனோம். உரித்தாளர் வெளிநாட்டில், திறப்பு ஒரு காவற்காரரிடம். அவ்வூரின் முதிய மேசன் ஒருவரையும் துணைக்கு அழைத்திருந்தோம். சிறுவனாய்த் தகப்பனாரோடு அந்த வீட்டுப் பூச்சு வேலைக்கு வந்தவர் அவர். நீறின சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பது, மணலை எந்தப் பருவத்திற் சேர்ப்பது, பனங்கட்டிக் கரைசல் எந்த வேலைக்கு, பூச்சை எத்தனை முறை தேய்ப்பது என்றெல்லாம் மாணவர்க்குச் சொல்லிக்கொண்டே வந்தார். தலைவாசலுக்கு வந்ததும் நின்றார். "நீங்கள் போய் அளவுங்கோ, நான் இதிலை இருக்கிறன்" என்று திண்ணையின் ஓரத்தில் அமர்ந்துகொண்டார். வீட்டில் மனிதர் இல்லை, தடுப்பாரும் இல்லை. நாம் வற்புறுத்தியும் அவர் எழவில்லை. உள்ளே மாணவர் அளவு சொல்ல, வெளியிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வடக்கு அறையின் அகலத்தைச் சொன்னபோது, "அது இந்தத் தலைப்பிலை. அந்தத் தலைப்பிலை ஒரு சாண் குறையும். நூல் பிசகிப் போச்சு, அப்பு அதுக்காக ஏச்சு வாங்கினவர்" என்றார். மாணவர் மறுதலைப்பையும் அளந்தனர். ஒரு சாண் குறைந்தே இருந்தது.

அன்று மாலை திரும்பும் வழியில் மாணவர்கள் வழமைபோற் பேசவில்லை. தீண்டாமையைப் பற்றி நாம் வகுப்பறையில் நடத்திய பாடங்களில் எதுவும் அவர்களை அவ்வாறு அமைதியாக்கியதில்லை. அந்த வீடும் அந்தத் திண்ணையும் இல்லாதிருந்தால் அப்பாடம் நடந்திராது.

பழைய வீடுகளைப் பற்றிப் பேசுவோர் தொட அஞ்சும் இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதினின்றும் துரத்தப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அதன் பின்னர் சோனகத்தெருவில் நின்ற வீடுகளுக்கு என்ன நேர்ந்தது? ஓடு கழற்றப்பட்டது, கதவும் நிலையும் யன்னலும் பெயர்க்கப்பட்டன. அவற்றைப் பெயர்த்தது எறிகணை அன்று. அவற்றில் எத்தனை நிலைகள் இன்று எவரெவர் வீட்டில் நிற்கின்றன என்று கேட்டால், நம் நகரத்திற் பலருக்கு இருமல் வரும். வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயமென்ற பெயரில் இராணுவம் ஊர் ஊராய் வீடுகளைத் தரைமட்டமாக்கியதைப் பற்றி நாம் பேசுகிறோம், பேச வேண்டும். மயிலிட்டியும் பலாலியும் கண்ட அழிவு சாதாரணமானதன்று. ஆனால் மரபுரிமை என்ற சொல்லை வாயில் வைப்பவர் இரண்டையும் சேர்த்தே பேசட்டும். இல்லையேல் அது மரபுரிமை அன்று, கட்சி கட்டுதல்.

இனி, இவ்வீடுகள் இன்று ஏன் வீழ்கின்றன என்று பார்ப்போம். காரணம் கறையான் மட்டுமன்று. ஒரு வீட்டுக்கு உரித்தாளர் பன்னிருவர். ஒருவர் ரொறன்ரோவில், இருவர் லண்டனில், ஒருவர் பாரிசில், ஒருவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாது. உறுதி முடிக்க ஒருவர் கையெழுத்துக் குறைகிறது. திருத்துவதற்கு எவரும் பணம் போடார். பங்கு பிரிந்தபின் அது எவர் வீடாகுமோ! வழக்கு நீதிமன்றத்தில் இருக்க, கூரை மழையில் இருக்கிறது. இரண்டாவது காரணம் மரம். போர்க்காலத்தில் காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் தறிக்கப்பட்ட பனைகளின் தொகை சிறிதன்று. வைரம் ஏறிய பனை ஓராண்டில் வளர்வதுமன்று. மூன்றாவது, வேலை அறிந்த கைகள். சுண்ணாம்புப் பூச்சு அறிந்த மேசன்மார் அருகிவிட்டனர். அறியாத கை சீமெந்தைக் கொண்டுபோய்ச் சுண்ணாம்புச் சுவரில் அப்புகிறது; சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளிருந்தே அதனைத் தின்கிறது. பழைய சுவரை மழை கொல்வதிலும் பார்க்கச் சீமெந்துத் திருத்தம் விரைவாகக் கொல்லும். நான்காவது, சந்தை. காரைக்குடியில் செட்டிநாட்டு மாளிகைகளின் தூணும் கதவும் கடைத்தெருவில் விலைக்கு நிற்பதைப் பலர் கண்டிருப்பர். இங்கும் செதுக்கு வேலை நிறைந்த கதவு நிலைகள் லொறியில் ஏறித் தெற்கே போவதை நாம் கண்டிருக்கிறோம். கொழும்பின் உணவுச்சாலை ஒன்றில் அவை மேசையாகும்.

சட்டம் என்ன செய்கிறது? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், தொன்மைக்கு ஓர் எல்லைக் கோட்டை வகுத்தது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயருக்குக் கையளிக்கப்பட்ட நாள் அது. கண்டிக்கு அது வரலாற்றின் கதவு மூடிய நாளாயிருக்கலாம். யாழ்ப்பாணத்தின் கணக்கில் அந்நாளுக்கு என்ன பொருள்? இங்கு அரசு 1619இல் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். நாம் பேசுகின்ற புகையிலை வீடுகளிலும் மலாயா வீடுகளிலும் பெரும்பாலானவை அந்த நாளுக்குப் பிற்பட்டவை. அவற்றுள் ஒன்றைக் காக்க வேண்டின், அதனைத் தனியே தெரிந்து வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். அறிவித்த பின்னரும் நடப்பதென்ன? பலகை நடப்படும், ஓடு வராது. மந்திரிமனைக்கும் பலகை இருந்தது. அரசின் உடைமையான கோட்டைக்கு நெதர்லாந்தின் பணமும் வந்தது, வேலையும் நடந்தது. தனியார் காணியில் நின்ற மனைக்கு மழை மட்டுமே வந்தது.

இவ்விடத்தில் எமது மக்களின் அச்சத்தையும் மறைக்காமற் கூறுவோம். தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டதும் காணியை இழந்துவிடுவோமோ என்று வடக்கிலும் கிழக்கிலும் மக்கள் நடுங்குவது வீண் நடுக்கமன்று. முல்லைத்தீவின் குருந்தூர்மலையைச் சுற்றிய வழக்குகளை அவர்கள் அறிவர். 2020இல் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள்களுக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாய் வாழும் அம்மாகாணத்துக்கான அக்குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. அத்தகைய கையில் தன் பாட்டி வீட்டை ஒப்படைக்க எவர் முன்வருவார்? ஆகவே, கொழும்பின் திணைக்களம் வந்து காக்கட்டும் என்று நாம் கேட்கவில்லை.

வெளிநாட்டு முன்மாதிரிகளை எடுத்துக்காட்டுவோரும் உளர். பிரான்சின் சிறு நகரங்களைப் பாருங்கள், எல்லைப்புறத்து ஊர்களிலும் நானூறு ஆண்டு வீடுகளை எவ்வாறு பேணுகின்றனர் என்பர். பார்த்தோம். 1962 ஓகஸ்ட் 4ஆம் நாள் அங்கே ஒரு சட்டம் வந்தது. தனிக் கட்டடத்தை மட்டுமன்றி ஒரு பழைய குடியிருப்பு முழுவதையும் காக்கலாம் என்பது அதன் சிறப்பு. கொண்டுவந்தவர் அந்த்ரே மல்ரோ. சீனத் தொழிலாளர் எழுச்சியை நாவலாக எழுதிப் புகழ்பெற்று, பின்னர் த கோலின் அமைச்சரானவர். பாரிசின் மரே பகுதியில் அச்சட்டம் செயற்பட்டது. சுவர்கள் பிழைத்தன. அங்கே சிறு பட்டறை வைத்து வாழ்ந்த கைத்தொழிலாளரும் ஏழை வாடகைக் குடிகளும் படிப்படியாய் வெளியேறினர். திருத்திய வீட்டின் வாடகை அவர்களுக்கு எட்டவில்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய காலிக் கோட்டையைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாய் அங்கு வாழ்ந்த முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் பல வீடுகளை வெளிநாட்டாருக்கும் கொழும்புச் செல்வருக்கும் விற்றுப் போய்விட்டன. விறாந்தையில் இப்பொழுது விடுதி விருந்தினர் தேநீர் அருந்துகின்றனர். வீடு நிற்கிறது, வீட்டார் இல்லை. யாழ்ப்பாணத்திலும் பழைய வீட்டை விடுதியாக்குவதே காக்கும் வழி என்போர் பெருகி வருகின்றனர். அவ்விடுதியில் விற்கப்படப்போவது "யாழ்ப்பாணத்து மரபு" என்ற பெயருடைய பண்டம். அதிலே சிரட்டைக்கு இடம் இராது.

ஆனால் வேறொரு முன்மாதிரியும் உண்டு. அதனை நம் முற்போக்காளர் அறியாதிருப்பது வெட்கம். இத்தாலியின் பொலோஞா நகரசபை, இரண்டாம் உலகப் போரின் பின்னர் பல தசாப்தங்கள் கம்யூனிஸ்டுக் கட்சியின் கையில் இருந்தது. 1973இல் அச்சபை நகரின் நடுவிலிருந்த பழைய தொழிலாளர் குடியிருப்புகளைத் திருத்தத் தொடங்கியது. பொது வீடமைப்புக்கென ஒதுக்கிய நிதியை, புறநகரில் புதிய மாடிகள் எழுப்புவதற்கன்றிப் பழைய வீடுகளைத் திருத்துவதற்கே பயன்படுத்தியது. அங்கிருந்த குடிகளை வெளியேற்றாமல், அவர்களே மீண்டும் வந்து வாழ வேண்டும் என்பதை அத்திட்டத்தின் விதியாக்கியது. நினைத்த அனைத்தும் நிறைவேறவில்லை; சொந்தக்காரரின் எதிர்ப்பால் திட்டத்தைச் சுருக்க வேண்டியும் வந்தது. எனினும், பழைய வீட்டைக் காப்பது பழமைவாதிகளின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்துக்கு அந்நகரத்துப் பாட்டாளிகள் அரை நூற்றாண்டுக்கு முன்னரே விடை எழுதிவிட்டனர்.

நம் நிலைமை பொலோஞாவினது அன்று. ஆயினும் 2025 மே மாதத் தேர்தலின் பின்னர், சில ஆண்டுகள் உறுப்பினரின்றிக் கிடந்த பிரதேச சபைகளிலும் மாநகர சபையிலும் மக்கள் தெரிந்தவர்கள் மீண்டும் அமர்ந்திருக்கின்றனர். புதிய வீட்டுக்குப் படம் அனுமதிப்பது அச்சபைகளின் கையிலேயே இருக்கிறது. அதே காணியிற் பழைய வீடு நின்றால், அதனை அளந்து, வரைந்து, படம்பிடித்துப் பதிந்த பின்னரே அனுமதி என்று ஒரு விதி செய்ய எவ்வளவு செலவாகும்? இடிப்பதைத் தடுக்காவிட்டாலும் சாட்சியத்தையேனும் அது காக்கும். பயன்படுத்தக்கூடிய நிலையில் பூட்டிக்கிடக்கும் வீட்டை, உரித்தாளரோடு உடன்படிக்கை செய்து, இருபது முப்பது ஆண்டுகளுக்கு வாசிகசாலையாகவோ, பாலர் பாடசாலையாகவோ, காணியற்றவரின் குடியிருப்பாகவோ எடுத்தால், திருத்தும் பொறுப்பையும் சபையே ஏற்கலாம். நான்கு புறமும் நிழலும் நடுவில் வெளிச்சமும் உள்ள இடத்தைக் காட்டிலும் பிள்ளைகள் இருந்து படிக்க உகந்த கட்டடத்தை எந்தப் பொறியியலாளர் வரைந்தார்? அம்முற்றத்தில், அதனைப் பூசியவரின் பேத்தி வந்திருந்து படிக்கட்டும். தொழினுட்பக் கல்லூரிகளில் சீமெந்து வேலை கற்பிப்பது போலச் சுண்ணாம்பு வேலையும் கற்பிக்கட்டும். கற்பிக்க வல்ல முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களுக்குச் சான்றிதழ் கேளாமற் சம்பளம் கொடுக்கட்டும். பதிவேட்டில் வீட்டுக்காரர் பெயருக்கு எதிரே, தெரிந்தவரையில், கட்டியவர் பெயரும் இருக்கட்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையைக் கேட்டுச் சில வீட்டுக்காரர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்.

"இவற்றைக் காட்டிலும் அவசரமான வேலைகள் இருக்கின்றனவே" என்று நண்பர்கள் மீண்டும் சொல்வர். இருக்கின்றன. காணி விடுதலை, காணாமல் ஆக்கப்பட்டோர், கூலி, வேலையின்மை ஆகிய எதனையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் அவசரமான வேலைகள் முடியும்வரை மழை காத்திராது. நாம் அளந்த அந்த வலிகாமத்து வீட்டின் வடக்குப் புறம் சென்ற மாரியில் விழுந்துவிட்டது. முதிய மேசனும் இப்பொழுது இல்லை. மாணவர் வரைந்த படங்கள் பதினான்கு தாள்கள். சாண் குறைந்த அந்த அறையும் அவற்றில் இருக்கிறது. பிரதேச சபை கேட்டால் கொடுப்பதற்காக ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.